ஹைட்டியின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்: புதுச்சேரி, காரைக்கால் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வாழும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம்.

நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள். என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். பிரான்ஸின் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு உங்களுக்கு உண்டு, எனக்குக் கிடையாது. நாடாளுமன்றத்தில் வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான 11ஆம் தொகுதியின் உறுப்பினர் உங்கள் வாக்கையும் வாங்கித்தான் அங்கே போகிறார். அதனால்தான் இந்த மடலைப் பாரிஸுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1825இல் ஹைட்டியை மிரட்டி வாங்கிய பணத்தைப் பிரான்ஸ் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை உங்கள் பிரதிநிதிகளிடம் நீங்கள் கேட்க வேண்டும்.

அடிமைகளாக்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு இழப்பீடு தர வேண்டுமா என்ற வாதம் பல நாடுகளில் நடக்கிறது. அமெரிக்காவில் நடக்கிறது. கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு 2014இல் 10 அம்சத் திட்டம் ஒன்றை ஐரோப்பாவின் முன் வைத்தது. எங்கே பேசினாலும் ஒரு கேள்வியில் வந்து பேச்சு முட்டி நிற்கும்: எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் போடுவது? சவுக்கடிக்கு என்ன விலை, தாயிடமிருந்து பிரித்து விற்ற பிள்ளைக்கு என்ன விலை? நியாயமான கேள்விதான். ஆனால் ஹைட்டி விஷயத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. தொகை எழுத்தில் இருக்கிறது, தவணை எழுத்தில் இருக்கிறது, யார் கட்டினார்கள் யார் வாங்கினார்கள் என்பதும் பிரான்ஸின் ஆவணக் காப்பகங்களிலேயே இருக்கிறது.

நான் படித்தபோது நம் ஊர்ப் பள்ளியில் ஹைட்டியைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

18ஆம் நூற்றாண்டில், கரீபியக் கடலில் இருக்கும் அந்த நாடு சேன் தொமேங் என்ற பெயரில் பிரான்ஸின் காலனியாக இருந்தது. 1789இல் அங்கே ஏறக்குறைய 5 லட்சம் அடிமைகள். ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேலும், தின்ற சர்க்கரையில் ஏறத்தாழ 40 சதவீதமும் அந்தச் சின்ன நிலத்திலிருந்துதான் போயின. இருக்கிற ஆட்களுக்குச் சோறு போட்டுக் காப்பாற்றுவதைவிட, அவர்கள் சாகச் சாக ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக ஆள் வாங்கிக்கொள்வது லாபம் என்று கணக்குப் போட்டு நடத்திய தோட்டங்கள் அவை. 1791 ஆகஸ்டில் அந்த மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1794இல் பாரிஸின் புரட்சி அரசு அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் தம் காலனிகளில் அதை மறுபடியும் சட்டமாக்கினார். அதற்கு முன்பே சேன் தொமேங்குக்குப் பெரும்படை அனுப்பியிருந்தார். மக்கள் தலைவர் தூசான் லூவெர்த்தூரைப் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டுப் பிடித்துக் கப்பலேற்றி, பிரான்ஸின் ஜூரா மலையில் ஒரு கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் அங்கேயே செத்துப்போனார். ஆனாலும் நெப்போலியனின் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று கோனாயீவ் நகரில் விடுதலைப் படைத் தளபதி தெஸ்ஸலின் விடுதலையை அறிவித்தார். அடிமைகளாக இருந்தவர்கள் போரிட்டு, வென்று, தாங்களே ஒரு நாட்டை அமைத்துக்கொண்டார்கள்.

அதே ஆண்டு தெஸ்ஸலினின் ஆணைப்படி, எஞ்சியிருந்த பிரெஞ்சுக்காரர்கள் பெருமளவில் கொல்லப்பட்டார்கள். இதை நான் மறைக்க விரும்பவில்லை, ஹைட்டிக்காகப் பேசுகிறவர்கள் யாருமே மறைக்கக் கூடாது. ஆனால் 1825இல் பிரான்ஸ் ஈடு கேட்டது அந்த உயிர்களுக்காக அல்ல. கேட்டது சொத்துக்காக.

1825 ஏப்ரல் 17 அன்று மன்னர் பத்தாம் சார்ல்ஸ் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மூன்றே பிரிவுகள். துறைமுகங்கள் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் திறந்திருக்க வேண்டும், பிரெஞ்சுக் கப்பல்களுக்கு மட்டும் சுங்கம் பாதி. முன்பு அங்கே தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு ஈடாக 15 கோடி பிராங்கை ஐந்து சம தவணைகளில் கட்ட வேண்டும். இவற்றுக்கு உடன்பட்டால் விடுதலை அளிக்கப்படும். 21 ஆண்டுகளாகச் சொந்தக் கொடி பறக்கவிட்ட நாட்டுக்கு! ஜூலையில் பரோன் மக்கோ இந்தக் காகிதத்தோடு தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ் வந்தார். கூடவே 14 போர்க்கப்பல்கள், ஏறக்குறைய 500 பீரங்கிகள். ஹைட்டி அதிபர் புவாயே ஒப்புக்கொண்டார்.

15 கோடி பிராங்க் எவ்வளவு பெரிய தொகை? 1803இல் இதே பிரான்ஸ் லூசியானா நிலப்பரப்பு முழுவதையும் அமெரிக்காவுக்கு 8 கோடி பிராங்குக்கு விற்றது. ஹைட்டியைப் போல எழுபது மடங்குக்கும் மேல் பெரிய நிலம் அது. அதன் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை ஹைட்டியிடம் கேட்டார்கள். ஈடு கேட்டவர்களின் சொத்துக் கணக்கில் நிலமும் ஆலையும் வீடும் மட்டும் இருக்கவில்லை, மனிதர்களும் இருந்தார்கள். தன்னை விடுவித்துக்கொண்டவன் தனக்கான விலையை முன்னாள் எஜமானனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஹைட்டியின் கதையில் எனக்கு இன்றுவரை செரிக்காத இடம் இதுதான்.

முதல் தவணை 3 கோடி. அந்த ஆண்டு ஹைட்டி அரசுக்கு வந்த வருமானத்தைப் போல அது ஏறத்தாழ ஆறு மடங்கு. பணம் இல்லை. அப்புறம் என்ன, பாரிஸிலுள்ள வங்கியாளர்களிடமே கடன் வாங்கினார்கள். 3 கோடி பிராங்க் கடன் என்று எழுதிக்கொண்டு, 60 லட்சத்தைத் தங்கள் பங்காக முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, 2 கோடியே 40 லட்சத்தை மட்டும் கொடுத்தார்கள். நம் மார்க்கெட்டில் வட்டிக்கு விடுகிறவர் பத்தாயிரம் என்று எழுதி வாங்கிக்கொண்டு எட்டாயிரத்தைக் கையில் தருவாரே, அதே தொழில்தான், அங்கே நாடு அளவில் நடந்தது. மீதி 60 லட்சத்துக்காக ஹைட்டியின் கருவூலத்தைத் துடைத்தெடுத்தார்கள். இப்படி ஒரே நேரத்தில் இரண்டு கடன்கள் தலையில் ஏறின: ஈட்டுத்தொகை ஒன்று, அதைக் கட்டுவதற்காக வாங்கிய கடன் இன்னொன்று. ஹைட்டியில் இதை இரட்டைக் கடன் என்கிறார்கள்.

1838இல் பாக்கியை 6 கோடியாகக் குறைத்தார்கள். ஆக மொத்தம் 9 கோடி. அதைக் கட்டியது யார்? பெரும்பகுதி காப்பி ஏற்றுமதி வரியிலிருந்து வந்தது. மலைச்சரிவில் ஒரு துண்டு நிலத்தில் காப்பி போட்டு, பறித்து, காயவைத்து, தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுவந்த குடியானவர்களின் பணம். அவர்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம் வரவில்லை, சாலை வரவில்லை. காப்பி விளைந்த ஆண்டும் பிராங்க் பாரிஸுக்குப் போனது, விளையாத ஆண்டும் போனது. 1880களில்தான் ஈட்டுத்தொகை தீர்ந்தது. அதற்குள் வேறு கடன்கள் சேர்ந்துவிட்டன. 1880இல் சேயீசே என்ற பாரிஸ் வங்கி ஹைட்டியின் தேசிய வங்கியைத் தொடங்கியது. பெயர்தான் ஹைட்டி தேசிய வங்கி, முடிவெடுத்ததும் லாபம் போனதும் பாரிஸில். அதே வங்கி அதே காலத்தில் ஈபெல் கோபுரத்துக்குப் பணம் போட்டவர்களிலும் ஒன்று. பிறகு அமெரிக்கா நுழைந்தது. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் அந்த வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் பெறுமானத் தங்கத்தை எடுத்துக்கொண்டு நியூயார்க்குக்குப் போனார்கள். 1915 முதல் 1934 வரை நாட்டையே பிடித்து வைத்திருந்தார்கள். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன், அதை அடைக்க இன்னொன்று என்று நீண்டு, இந்த வரிசையின் கடைசிக் கடன் தீர்ந்தபோது ஆண்டு 1947.

2022இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்துக் கணக்குப் பார்த்தது. ஈட்டுத்தொகைக்கும் அதற்காக வாங்கிய கடனுக்கும் ஹைட்டி கட்டியது இன்றைய மதிப்பில் சுமார் 56 கோடி டாலர் என்று வந்தது. அந்தப் பணம் நாட்டுக்குள்ளேயே புழங்கி வளர்ந்திருந்தால் குறைந்தது 2,100 கோடி டாலர், அதிகபட்சம் 11,500 கோடி டாலர் என்றும் மதிப்பிட்டார்கள். இரண்டாவது கணக்கில் ஊகம் உண்டு, அதைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் சண்டை போடட்டும். முதல் கணக்கு ரசீதுக் கணக்கு.

இழப்பீடு என்பதே இந்தக் காலத்து இளைஞர்கள் கண்டுபிடித்த விநோதம் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இழப்பீடு அன்றே கொடுத்தாயிற்று. வாங்கியவர்கள்தான் வேறு. பிரிட்டன் 1833இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு கொடுத்தது. அதற்காக வாங்கிய கடன் 2015இல்தான் முழுதாகத் தீர்ந்தது. அதாவது ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டியவர்களும் மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்த்தவர்களும், தங்கள் முப்பாட்டனை வைத்திருந்தவனுக்குக் கொடுத்த பணத்துக்காக வரி கட்டியிருக்கிறார்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1862இல் அடிமைகளை விடுவித்தபோது, தலைக்கு 300 டாலர் வரை எஜமானர்களுக்குத்தான் போனது. விடுதலையானவர்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம் என்று 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் போட்ட ஆணையை, அந்த ஆண்டு முடிவதற்குள் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் திருப்பிப் பறித்துக்கொண்டார். பிரான்ஸும் அப்படியே. 1848இல் தன் மற்ற காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது, 1849இல் எஜமானர்களுக்கு 12 கோடியே 60 லட்சம் பிராங்க் ஒதுக்கியது. விடுதலையான சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு ஒரு பிராங்க் கிடையாது.

"இருநூறு வருஷத்துக் கதை, இன்றைய பிரான்ஸ் என்ன செய்யும்?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கு என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகப் பதில் தெரியும்.

நம் ஊரில் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடு என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நான் வளர்ந்த தெருவில் அப்படி ஒரு வீட்டில் ஓர் ஆயா இருந்தார். அவருடைய கணவர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனவர். நான் பார்க்கும்போதே அவர் சுவரில் மாலை போட்ட படமாக இருந்தார். ஆயாவுக்குப் பென்ஷன் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. தாத்தா படையில் சேர்ந்தது பிரான்ஸின் நான்காம் குடியரசு காலத்தில். இப்போது நடப்பது ஐந்தாம் குடியரசு. அவர் போரிட்ட இந்தோசீனா என்ற காலனி இப்போது உலகப் படத்தில் இல்லை. புதுச்சேரியே பிரான்ஸின் கையில் இல்லை. இருந்தும் பாரிஸில் எந்த அதிகாரியும், "அது பழைய அரசு கொடுத்த வாக்கு, எங்களுக்கென்ன" என்று ஆயாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாம் எல்லோருமே கொதித்திருப்போம். சரியாகவே கொதித்திருப்போம். ஓர் அரசு மாறலாம், அரசமைப்பு மாறலாம், கொடுக்க வேண்டியது அப்படியே நிற்கும் என்ற நம்பிக்கையில்தானே உங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது. அதே அரசுதான் ஹைட்டியிடம் பணம் வாங்கியதும்.

வாரிசுகளுக்குக் கொடுக்கும் பழக்கமும் பிரான்ஸுக்குப் புதிதல்ல. யூதர்கள் என்பதற்காக நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டவர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஈடு வழங்க 2000 ஜூலையில் ஆணை போட்டது. அல்ஜீரியப் போரில் பிரான்ஸின் பக்கம் நின்று, பிறகு முகாம்களில் அடைபட்டுக் கிடந்த ஹர்கிகளுக்கும், அந்த முகாம்களில் வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஈடு வழங்க 2022 பிப்ரவரியில் சட்டமே கொண்டுவந்தது. தனக்காகப் போரிட்ட ஆப்பிரிக்கப் படைவீரர்களின் பென்ஷனை 1959 சட்டத்தால் உறைய வைத்திருந்தது, 2011இலிருந்து பிரெஞ்சு வீரர்களுக்குச் சமமாக்கியது. இவையெல்லாம் தாமதமாக, அரைகுறையாக, போராடிப் பெற்றவைதான். ஆனாலும் நடந்தன. ஹைட்டிக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை என்றால், கேட்கிறவர் ஏழை, கொடுக்க வேண்டியவர் பலசாலி என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அவர்கள் கேட்காமலும் இல்லை. 2003 ஏப்ரலில், தூசான் இறந்து 200 ஆண்டுகள் ஆன நாளில், அதிபர் அரிஸ்தீத் பிரான்ஸிடம் 2,168 கோடி டாலருக்கு மேல் கேட்டார், கடைசி சென்ட் வரை கணக்குச் சொல்லி. பாரிஸில் அதைக் கேலி செய்தார்கள். 2004 பிப்ரவரி 29 அன்று அவர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். அடுத்து வந்த இடைக்கால அரசு கோரிக்கையைக் கைவிட்டது. 2015இல், பிரான்ஸின் கரீபியத் தீவான குவாதலூப்பில் பேசிய பிரெஞ்சு அதிபர் பிரான்சுவா ஒல்லாந்து, ஹைட்டிக்குப் போகும்போது நமக்கிருக்கும் கடனைத் தீர்ப்பேன் என்ற பொருளில் சொன்னார். ஹைட்டிக்காரர்கள் கை தட்டினார்கள். தார்மீகக் கடனைத்தான் சொன்னார் என்று அவருடைய அலுவலகம் பிறகு விளக்கம் கொடுத்தது. 2025 ஏப்ரல் 17 அன்று, ஆணைக்கு 200 ஆண்டுகள் ஆனபோது, அதிபர் மக்ரோன் ஓர் இளம் தேசத்தின் விடுதலைக்கு விலை வைக்கப்பட்டதை ஒப்புக்கொண்டு, இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் கொண்ட ஆணையம் ஒன்றை அறிவித்தார். அது நல்ல விஷயம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று அவர் சொல்லவில்லை. அடிமைமுறை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவித்த 2001ஆம் ஆண்டின் தொபிரா சட்டத்துக்கும் இதே கதிதான். முதல் வரைவில் ஈடு பற்றி ஆராய ஒரு குழு அமைக்கும் பிரிவு இருந்தது. நிறைவேறியபோது அது இல்லை.

இதில் தமிழர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், ஹைட்டியில் நேரடியாக ஒன்றும் இல்லை. நம்மவர்கள் அங்கே போகவில்லை. ஆனால் பக்கத்துத் தீவுகளுக்குப் போனார்கள். 1848க்குப் பிறகு மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் விடுதலையான ஆப்பிரிக்கர்கள் நியாயமான கூலி கேட்டார்கள். தோட்டத்துரைகள் கொடுக்க விரும்பவில்லை. அந்தப் பேரத்தை உடைக்க எங்கிருந்தாவது ஆள் வேண்டும். 1849இல் எஜமானர்களுக்கு ஒதுக்கிய ஈட்டுத்தொகையில் எட்டில் ஒரு பங்கை எடுத்துத் தொடங்கிய காலனி வங்கிகள் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தன, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல்கள் ஆள் ஏற்றின. 1853 மே மாதம் ஒரெலி என்ற கப்பல் முதல் தொகுதி ஆட்களோடு மார்த்தினிக்கை அடைந்தது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அதே கப்பல் குவாதலூப்பில் ஆட்களை இறக்கியது. 1880கள் முடிவதற்குள் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். பெரும்பாலோர் தமிழர்கள். இந்தப் பக்கம் இந்தியப் பெருங்கடலில், ரீயூனியன் தீவுக்குப் போனவர்கள் அதைவிட அதிகம்.

அவர்கள் அடிமைகள் அல்ல, ஒப்பந்தக் கூலிகள். ஐந்தாண்டு ஒப்பந்தம், பேருக்கு ஒரு கூலி, காகிதத்திலாவது ஊர் திரும்பும் உரிமை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் ஆப்பிரிக்கர்கள் பட்டதைச் சிறிதாக்கிவிடுவோம், அது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஒரே தோட்டம், ஒரே கரும்பு, ஒரே துரை. குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்ற தமிழர், அங்கே பிறந்த இந்தியர்களுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று பல ஆண்டுகள் வழக்கு நடத்தி, 1923இல் வென்றார். இன்று நீங்கள் போடுகிற அதே வாக்குக்காக ஒரு தமிழர் அந்தத் தீவில் அப்படிப் போராட வேண்டியிருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் முன்பே, 18ஆம் நூற்றாண்டில், புதுச்சேரியிலிருந்து மொரீஷியஸுக்கும் ரீயூனியனுக்கும் அடிமைகளாகவே விற்கப்பட்டுப் போன தமிழர்கள் உண்டு. ஆள் பிடித்துக் கொடுத்த தரகர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

இப்போது, நேர்மையாக எழும் ஒரு தடைக்கு வருகிறேன். பணத்தை யாரிடம் கொடுப்பது? 2021 ஜூலையில் அதிபர் மொயீஸ் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். போர்ட்டோ பிரின்ஸின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கையில் இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடுகளை விட்டு ஓடியிருக்கிறார்கள். ஹைட்டியை ஆண்டவர்களும் சும்மா இருக்கவில்லை. புவாயே கடனைக் கட்டுவதற்காக 1826இல் குடியானவர்களைத் தோட்டங்களோடு கட்டிப்போடும் சட்டம் போட்டார். 1957 முதல் 1986 வரை துவாலியே குடும்பம் கருவூலத்தைச் சுரண்டியது. (மகன் துவாலியே 1986இல் தப்பி ஓடி அடைக்கலம் புகுந்ததும், கால் நூற்றாண்டு வாழ்ந்ததும் பிரான்ஸில்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

கடன் கொடுத்தவன் வீட்டில் இன்று சண்டை நடக்கிறது என்பதால் வாங்கியவனுடைய கடன் தள்ளுபடியாகிவிடாது. எவ்வளவு என்று ஒப்புக்கொள்வது ஒரு வேலை, எப்படிக் கொடுப்பது என்பது இன்னொரு வேலை. முதல் வேலையை இன்றைக்கே செய்யலாம். இரண்டாவது வேலையை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது என்று நானும் நினைக்கிறேன். பஞ்சமி நிலத்தில் நமக்கு என்ன நடந்தது? பண்ணையடிமைகளாக இருந்த மக்களுக்கு நிலம் வேண்டும் என்று செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் நிலம் ஒதுக்கத் தொடங்கினார்கள். 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்கு மட்டும்தான் விற்கலாம் என்று நிபந்தனையும் இருந்தது. அத்தனையும் எழுதி வைத்தும் எவ்வளவோ நிலம் பிறர் கைக்குப் போய், இன்றுவரை மீட்கப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். காவல் இல்லாமல் கொடுக்கும் ஈடு பலசாலியின் கைக்கே போய்ச் சேரும். அதனால் ஹைட்டியின் பணம் எந்த அரசாங்கத்தின் கஜானாவுக்கும் மொத்தமாகப் போகக் கூடாது. பெரும்பான்மை ஹைட்டிக்காரர்கள் இருக்கும் ஒரு பொறுப்புக் குழுவின் கையில் இருந்து, பள்ளிக்கும் குடிநீருக்கும் மருத்துவமனைக்கும் காப்பி விளைந்த அந்த மலைக் கிராமங்களின் சாலைக்கும் பல ஆண்டுகளில் போக வேண்டும். எதற்கு முதலில் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், பாரிஸ் அல்ல. அப்புறம், இதை உதவி என்று பெயர் மாற்றிக் கொடுக்கக் கூடாது. உதவியை நினைத்தால் நிறுத்திவிடலாம்.

எவ்வளவு என்று என்னைக் கேட்டால், முதல் படியாக அந்த 56 கோடி டாலர். பிரான்ஸ் போன்ற ஒரு நாட்டின் நிதிநிலை அறிக்கையில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. வளர்ந்திருக்கக்கூடிய பணத்தைப் பற்றி அடுத்து உட்கார்ந்து பேசட்டும். உரையும் ஆணையமும் தீர்மானமும் வந்தால் வரவேற்போம், ஆனால் நிதிநிலை அறிக்கையில் ஒரு வரி வரும்வரை எதுவும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

நீங்கள் சில ஆயிரம் பேர்தான். உங்கள் வாக்கால் பாரிஸ் அசைந்துவிடும் என்று நான் கற்பனை செய்யவில்லை. ஆனால் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் புதுச்சேரிக்கு ஆள் அனுப்புகிறார்கள், தமிழில் துண்டறிக்கை அடிக்கிறார்கள், உங்கள் சங்கங்களின் வாசலில் வந்து நிற்கிறார்கள். பென்ஷனைப் பற்றியும் விசாவைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்புதவித் தொகையைப் பற்றியும் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியவைதான். கூடவே ஹைட்டியைப் பற்றியும் கேளுங்கள். பழைய காலனி ஒன்றிலிருந்து, தனக்கு எந்த ஆதாயமும் இல்லாத கேள்வியை ஒரு பிரெஞ்சுக் குடிமகன் கேட்டால் அந்த வேட்பாளரால் அதை எளிதில் தட்டிவிட முடியாது. பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்தின் முன் நிற்கும்போது தூதரக அதிகாரிகள் பக்கத்திலேயே இருப்பார்கள், அவர்களிடமும் கேளுங்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள், ஹைட்டியின் விடுதலையும் 1825 ஆணையும் வகுப்பில் வருகின்றனவா என்று ஆசிரியர்களிடம் விசாரியுங்கள். 1826இல் தொடங்கிய பள்ளி அது. ஹைட்டி முதல் தவணைக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஆண்டு.

கடிதம் எழுத உட்கார நேரமில்லை என்பவர்களுக்காக நானே சில வரிகள் எழுதித் தருகிறேன். பிரெஞ்சில் மாற்றித் தரும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். 11ஆம் தொகுதி உறுப்பினருக்கு அனுப்புங்கள், நகலைத் தூதரக ஆலோசனை உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள்:

"மதிப்புக்குரிய உறுப்பினர் அவர்களே, நான் புதுச்சேரியில் வாழும் பிரெஞ்சுக் குடிமகன். 1825 ஏப்ரல் 17 ஆணையின் பேரில் ஹைட்டியிடமிருந்து பெற்ற ஈட்டுத்தொகையையும், அதற்காக வாங்க வைத்த கடனுக்கு ஹைட்டி கட்டிய தொகையையும் இன்றைய மதிப்பில் திருப்பிக் கொடுக்கும் சட்ட முன்வரைவை நீங்கள் ஆதரிப்பீர்களா? அடுத்த நிதிநிலை அறிக்கையில் அதற்கான முதல் ஒதுக்கீட்டைக் கேட்பீர்களா? எழுத்து மூலம் பதில் தாருங்கள்."

பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள். தமிழில் எழுதி ஊருக்குப் படிக்கக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து உங்கள் தெருக்காரி